கோசி பே லாட்ஜுக்குச் சின்ன காரில் போகலாமா?

உங்கள் கேள்வி இது: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு சென்னையிலிருந்து துபாய் வழியாக டர்பன் போகிறீர்கள். கூட எழுபது வயது அம்மா, எட்டு வயது மகன். அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, கோசி பே பக்கம் காட்டுக்குள் இருக்கும் ஒரு கடற்கரை லாட்ஜில் நான்கு இரவு. விமான நிலையத்தில் சின்ன கார் ஒன்று வாடகைக்குச் சொல்லியாயிற்று. கூகுள் மேப் ஐந்து மணி நேரம் காட்டுகிறது. மாலை இறங்கியதும் நேரே கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாமா, இல்லை காரை மாற்றி ஃபோர் வீல் டிரைவ் எடுக்க வேண்டுமா?

சின்ன கார் போதும், மாற்றாதீர்கள். ஆனால் அன்றிரவே கிளம்புவதை மறந்துவிடுங்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நீங்கள் போக வேண்டிய சுமார் 400 கிலோமீட்டரில் 390 நல்ல தார்ச்சாலை. மீதிப் பத்து மணல். அந்தப் பத்தில் உங்கள் காரும் ஓடாது (தார் முடியும் இடத்தில் லாட்ஜ் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும்), கூகுள் சொல்லும் நேரமும் செல்லாது. பயணத் திட்டம் முழுவதையும் அந்தப் பத்து கிலோமீட்டரிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

வேலை நிமித்தம் டர்பனில் ஐந்து வருடம் இருந்தேன். அந்தப் பக்கம் எட்டு ஒன்பது தடவை போயிருப்பேன். முதல் தடவை நீங்கள் இப்போது யோசிப்பது மாதிரியே யோசித்துத்தான் போனேன். அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் பெயர்க் குழப்பம். கோசி பே என்ற பெயரில் பே இருந்தாலும் அங்கே விரிகுடா எதுவும் கிடையாது. சங்கிலி மாதிரி கோத்த நான்கு ஏரிகள், கடைசியில் கடலில் திறக்கும் ஒரு முகத்துவாரம், அவ்வளவுதான். இதே பெயரில் எல்லைச் சோதனைச் சாவடி ஒன்று இருக்கிறது. ஏரிக்கரையில் அரசு முகாம் ஒன்று இருக்கிறது. 'கோசி மவுத்' என்ற முகத்துவாரம் தனி. பெயரில் கோசி பே வைத்துக்கொண்ட லாட்ஜுகள் இன்னும் பல. எல்லாவற்றுக்கும் பாதை வேறு வேறு. போனில் 'கோசி பே' என்று மட்டும் அடித்தால் பாதிப் பேர் எல்லைச் சாவடியில் போய் நிற்கிறார்கள். நீங்கள் போக வேண்டிய ஊரின் பெயர் மங்கூசி. பழைய பலகைகளிலும் சில வரைபடங்களிலும் க்வாங்வனாசே என்று இருக்கும், இரண்டும் ஒரே ஊர்தான். மங்கூசியை இலக்காக வைத்து ஓட்டுங்கள். அதற்குப் பிறகு லாட்ஜ்காரர்கள் அனுப்பிய வழிக்குறிப்பை மட்டும் நம்புங்கள்.

அந்தக் குறிப்பை இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றே மின்னஞ்சல் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். காரை எங்கே விட வேண்டும்? எத்தனை மணிக்கு வந்து ஏற்றிக்கொள்வீர்கள்? தாமதமானால் யாரைக் கூப்பிட வேண்டும்? அந்தக் கரையோரம் இருக்கும் லாட்ஜுகளில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. தார்ச்சாலை ஓரம் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்கிலோ, தோட்டத்து அலுவலக வளாகத்திலோ காவலோடு பார்க்கிங் இருக்கும். அங்கே காரை விட்டுவிட்டால் அவர்களுடைய லேண்ட் குரூசர் வந்து உங்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொள்ளும். சில இடங்களில் இது இலவசம், சில இடங்களில் தலைக்கு இவ்வளவு. ஆனால் கேட்டபோதெல்லாம் வராது. பிற்பகலில் ஒரு நேரம் குறித்திருப்பார்கள். அந்த நேரம்தான் உங்கள் நாளின் நங்கூரம்.

மூன்று மணிக்கு ஏற்றிக்கொள்வார்கள் என்று வையுங்கள். இரண்டு மணிக்கு மங்கூசியில் இருந்தால் பெட்ரோல், பணம், கழிப்பறை எல்லாம் முடித்து நிதானமாகப் போய் நிற்கலாம். மங்கூசிக்குத் தெற்கே ஹ்லுஹ்லூவே. அங்கிருந்து மங்கூசி சுமார் 150 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அப்படியானால் ஹ்லுஹ்லூவேயை மதியம் பன்னிரண்டுக்குள் தாண்டியிருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து ஹ்லுஹ்லூவே சுமார் 240 கிலோமீட்டர். ஓட்டம் இரண்டரை மணி நேரம், அம்மாவோடும் பையனோடும் போகிறீர்கள், நடுவில் நிறுத்த முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, காலை எட்டரைக்குக் கார் உருள ஆரம்பிக்க வேண்டும். விமானம் மாலையில் இறங்குகிறது என்றால் அன்றிரவு விமான நிலையம் பக்கமே தங்குவதுதான் வழி. வடக்கே பலிட்டோ, தெற்கே உம்ஷ்லாங்கா, இரண்டும் பக்கம். பலிட்டோவில் தங்கினால் மறுநாள் காலை போகும் திசையிலேயே கொஞ்ச தூரம் முன்னேறியிருப்பீர்கள்.

இரவில் ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். டிசம்பரில் ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஹ்லுஹ்லூவே தாண்டியதும் சாலைக்கு வேலி கிடையாது. மாடு, ஆடு, கழுதை எல்லாம் தார் மேலேயே நிற்கும், படுத்தும் கிடக்கும். பகலின் சூட்டை வாங்கி வைத்திருக்கும் தார்ச்சாலை அவற்றுக்கு இரவில் கதகதப்பான பாய். தெருவிளக்கு இல்லாத இடத்தில் கறுப்பு மாடு ஒன்று படுத்திருப்பதை நூறு கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் பார்க்கும்போது பிரேக்குக்கு நேரம் இருக்காது. அதோடு, அந்த எல்லைப் பக்கம் வண்டித் திருட்டு பழைய பிரச்சினை. வண்டிகளை மறித்துப் பறித்து மொசாம்பிக்குக்குள் ஓட்டிப் போய்விடுவார்கள். அதைத் தடுக்க அரசு எல்லையோரம் கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டும் அளவுக்குப் போனது. அவர்கள் குறி வைப்பது பெரும்பாலும் ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளை. உங்கள் சின்ன காரை யாரும் சீண்டமாட்டார்கள் என்று சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால் ஃபோர் வீல் டிரைவுக்கு மாற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சாலை.

கிங் ஷாகா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என்2 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறிவிடுங்கள். நம்மூர் மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் பயமில்லை. வேக வரம்பு 120. டொங்காட், ம்வோட்டி, ம்டுன்சினி என்று மூன்று டோல்கேட். அட்டை எடுப்பார்கள். ஆனால் வெளிநாட்டு அட்டை சில சமயம் மக்கர் செய்யும், ரேண்ட் நோட்டு கொஞ்சம் கையில் வைத்திருங்கள். பெட்ரோல் நாமே போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. பங்கில் ஆள் வந்து போட்டு, கண்ணாடியும் துடைத்துவிடுவார். ஐந்து, பத்து ரேண்ட் கொடுப்பது வழக்கம்.

முதல் ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் கரும்புதான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனுக்குக் கொண்டுவந்து இறக்கிய ஒப்பந்தக் கூலிகளிலும், அதன் பிறகு ஐம்பது வருடம் வந்தவர்களிலும் ஏராளமானோர் இந்தத் தோட்டங்களில் வெட்டியது இதே கரும்பைத்தான். டொங்காட்டிலும் ஸ்டேங்கரிலும் கடைப் பலகைகளில் பிள்ளை, கவுண்டர், நாயுடு பெயர்களை ஆங்கில எழுத்தில், அவர்கள் எழுதும் விதத்தில் பார்க்கலாம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால்தான் தெரியும் என்பதால் போகும்போது வேண்டாம். திரும்பும்போது நேரம் இருந்தால் இறங்கி ஒரு பன்னி சௌ சாப்பிடுங்கள். பாதி பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவார்கள். பீன்ஸ் போட்டதும் கிடைக்கும், அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை.

ரிச்சர்ட்ஸ் பே வரைக்கும் இரட்டைச் சாலை. அந்தத் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றி வரும் லாரிகளின் கூட்டம் அதற்கு வடக்கே அதிகம். ம்டுபாடுபாவைத் தாண்டினால் சாலை வேலை எப்போதும் எங்கேயாவது நடந்துகொண்டே இருக்கும். 'நில், போ' பலகையோடு ஒருவர் நிற்பார், பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை அந்த நாட்டில் பாதிப் பேர் விடுமுறையில் கிளம்பிவிடுவார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். ஜோஹன்னஸ்பர்கிலிருந்து ரிச்சர்ட்ஸ் பேவுக்கு உள்நாட்டு விமானம் உண்டு. உங்களுக்கு டர்பன் டிக்கெட் எடுத்தாயிற்று என்பதால் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஹ்லுஹ்லூவேயில் என்2-வை விட்டு வலது பக்கம் ஊருக்குள் போய் ஆர்22 பிடிக்க வேண்டும். இந்தப் பெயரை உள்ளூர்க்காரர்கள் சொல்லும்போது கிட்டத்தட்ட 'ஷ்லுஷ்லூவே' என்று கேட்கும். வழி கேட்கும்போது நீங்களும் அப்படியே சொல்லுங்கள். இங்கே டாங்கியை நிரப்பிவிடுங்கள். மங்கூசியிலும் பங்க் இருக்கிறது, ஆனால் டிசம்பரில் அங்கே வரிசை நிற்கும். ஏடிஎம்மும் அப்படித்தான். இது அன்னாசி விளையும் ஊர். சாலையோரம் சின்ன அன்னாசியாக, கொத்துக் கொத்தாக விற்பார்கள். அந்த ருசிக்காகவே நான் இரண்டு தடவை காரைத் திருப்பியிருக்கிறேன்.

ஆர்22 முழுக்கத் தார், ஒற்றைச் சாலை. 2000-களின் தொடக்கத்தில் எல்லை வரை தார் போட்டார்கள். அதற்கு முன் போனவர்கள் சொல்லும் கதையைக் கேட்டால் நீங்கள் டிக்கெட்டையே ரத்து செய்துவிடுவீர்கள். ம்பஸ்வானா வரை யூகலிப்டஸும் பைனும். அங்கே வலது பக்கம் சொட்வானா பே போகும் கிளை பிரியும், அதில் திரும்பிவிடாதீர்கள். அதற்கு அப்புறம் நிலம் மாறும். தரை வெளுத்து மணலாகும், புல்வெளி நடுவே குட்டை குட்டையாகப் பனை. லாலா பனை என்பார்கள். நம் பனைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி விசிறி ஓலை. அதைச் சீவிக் கள்ளும் இறக்குகிறார்கள். சாலையோரம் பழைய பிளாஸ்டிக் கேன்களில் விற்பதைப் பார்த்தால் அது தண்ணீர் என்று நினைத்துப் பையனுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பெலாண்டாபா என்ற இடத்தில் இடது பக்கமிருந்து ஒரு சாலை வந்து சேரும். ஜோஹன்னஸ்பர்கிலிருந்து ஜோசினி அணைக்கட்டு மேலேறி வருகிறவர்கள் அந்த வழி. நீங்கள் நேரே போனால் மங்கூசி.

இப்போது என் கதை. அந்த முதல் பயணத்தில் பார்ப்பதற்கு எஸ்யூவி மாதிரி உயரமாக இருந்த ஒரு வாடகை வண்டி எடுத்தேன். உள்ளே முன்சக்கர ஓட்டம்தான். லாட்ஜ்காரர்கள் 'இரண்டு மணிக்கு வாருங்கள், ஏற்றிக்கொள்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள். நான் மங்கூசியை அடைந்தபோது நாலேகால். போனில் பார்த்தால் லாட்ஜுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர், இருபத்திரண்டு நிமிடம். ஒன்பது கிலோமீட்டர்தானே, போய்விடலாம் என்று கிளம்பினேன்.

முதல் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது, மறுபடி இரண்டாகப் பிரிந்தது. எல்லாமே பாதைதான், எல்லாமே யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும் தடம்தான். கூகுளுக்கு அதில் எது லாட்ஜுக்குப் போவது என்று எப்படித் தெரியும்? மணல் தடங்களில் சக்கரம் ஓடும் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு முதுகு உயர்ந்து நிற்கும். அந்த நாட்டில் அதற்கு ஒரு செல்லப் பெயர் உண்டு, 'மிடல்மானெக்கி', நடுவிலுள்ள குட்டி ஆள் என்று அர்த்தம். அந்தக் குட்டி ஆள் என் வண்டியின் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். வண்டி மணலில் உட்கார்ந்தது. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். முன்சக்கரம் இரண்டும் கிணறு வெட்டியதுபோல உள்ளே போயின. ரப்பர் கருகும் வாசம் வந்ததும்தான் காலை எடுத்தேன்.

பக்கத்து வீட்டிலிருந்து மூன்று பையன்களும் ஒரு பாட்டியம்மாவும் வந்தார்கள். அங்கே வயதான பெண்களை 'கோகோ' என்று மரியாதையாக அழைப்பார்கள், பாட்டி என்று பொருள். "சனிபோனானி" என்று நான் வணக்கம் சொன்னதும் பாட்டிக்குச் சிரிப்பு. வண்டியின் முன்னால் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு எனாமல் தட்டை எடுத்து வந்தார். பெரிய பையன் அந்தத் தட்டால் சக்கரத்துக்கு முன்னே அல்ல, பின்னே மணலைத் தோண்டினான். நான் வந்த தடம் ஏற்கெனவே இறுகியிருக்கிறது, அதன் வழியாகவே பின்னால் எடுக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. இன்னொருவன் என் கார்ச் சாவியை வாங்கி டயர் வால்வை அழுத்தி, காற்றை வெளியேற்றினான். டயரின் வயிறு தரையில் படர்ந்து உப்பியது. பனை ஓலைகளைச் சக்கரத்தடியில் செருகினார்கள். மூன்றாவது முறை தள்ளியபோது வண்டி முனகிக்கொண்டே மேலே வந்தது. மங்கூசிக்குத் திரும்பி வந்தபோது இருட்டி முக்கால் மணி ஆகியிருந்தது. லாட்ஜிலிருந்து ஓர் ஆள் இரவு எட்டு மணிக்கு வந்து ஏற்றிக்கொண்டார், ஒரு வார்த்தை திட்டவில்லை. வாடகைக் கம்பெனி அடித்தட்டுக் கவசம் கிழிந்ததற்குப் பணம் பிடித்துக்கொண்டது. அது என் தப்பு. ஒப்பந்தத்தில் மணல், தண்ணீர், வண்டியின் அடிப்பாகம், டயர் எல்லாம் காப்பீட்டுக்கு வெளியே என்று எழுதித்தான் இருந்தது. உங்கள் ஒப்பந்தத்திலும் அநேகமாக இருக்கும், படித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், நானே ஓட்டிப் போக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கலாம். அப்படியானால் உண்மையான ஃபோர் வீல் டிரைவ் எடுங்கள், உயரமாக மட்டும் இருப்பது போதாது. மணலில் வண்டியை ஓட்டுவது டயரில் உள்ள காற்றுதான். நம்மூரில் பஞ்சர் கடையில் 'முப்பது வை' என்கிறோமே, அந்த அளவை மணலில் பாதியாக இறக்க வேண்டும், பதினைந்து வரைக்கும். அப்போது டயர் அகலமாகப் பரவி மணல் மேல் மிதக்கும். வண்டியை நிறுத்தும்போது பிரேக் மிதித்தால் சக்கரத்துக்கு முன் மணல் குவியும், அதனால் தானாக நிற்க விடுங்கள். திருப்பங்களில் சட்டென்று ஒடிக்காதீர்கள், காற்றுக் குறைந்த டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். விடிகாலையில் பனி ஈரத்தில் மணல் இறுகியிருக்கும், உச்சிவெயிலில் காய்ந்து மாவாக உதிரும். ஒரே பாதை காலையில் விட்டுவிட்டு மதியம் பிடித்துக்கொள்வது இதனால்தான். தாருக்குத் திரும்பியதும் முதல் வேலை மறுபடி காற்றடிப்பது. அதற்குச் சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் வாடகை வித்தியாசத்தில் உங்கள் நால்வருக்கும் லாட்ஜ்காரர்களே இரண்டு நாள் சுற்றிக் காட்டிவிடுவார்கள்.

அப்புறம், கடற்கரை மணலில் வண்டி ஓட்டிக்கொண்டே போகும் படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவதை 2002 தொடக்கத்திலிருந்து தடை செய்துவிட்டார்கள். கோசி மவுத்துக்குப் போகவும் முன் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கட்டுப்பாடு உண்டு. லாட்ஜ் வழியாகக் கேட்பது எளிது. போனால் மேட்டின் மேலே ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். கீழே ஏரி கடலோடு சேரும் இடத்தில் குச்சி குச்சியாக நட்டு வளைத்த வேலிகள் தெரியும். தோங்கா மக்களின் மீன்பொறிகள் அவை. கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் மீன் வற்றத்தில் திரும்பும்போது அந்த வேலி வழியாகக் கூடைக்குள் போகும். ஒவ்வொரு வேலியும் ஒரு குடும்பத்துச் சொத்து, அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும். ஏரியில் கண்ட இடத்தில் பையனைத் தண்ணீரில் இறக்காதீர்கள். முதலையும் நீர்யானையும் அங்கே உண்டு, கூட வருகிறவர் சொல்லும் இடத்தில் மட்டும் இறங்கட்டும்.

மொசாம்பிக் வழியாக வருவது எளிதா என்று உங்கள் நண்பர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் போவது எல்லைக்கு அந்தப் பக்கம், பொன்டா டோ ஓரோவுக்கு என்றால் எளிதுதான். 2018 நவம்பரில் மபூட்டோவில் கடெம்பே தொங்குபாலம் திறந்தார்கள். நடு இடைவெளி மட்டும் 680 மீட்டர். அதோடு சேர்த்து எல்லை வரை தார்ச்சாலையும் போட்டாயிற்று. முன்பு படகில் கடந்து மணலில் அரை நாள் திண்டாடிய தூரம் இப்போது இரண்டு மணி நேரம். ஆனால் உங்கள் லாட்ஜ் தென்னாப்பிரிக்கப் பக்கம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு இரண்டு நாட்டு விசாவும் எடுத்து, நடுவில் எல்லைச் சாவடியும் கடந்து வருவதில் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை. அந்தச் சாவடி இரவில் மூடியிருக்கும் என்பதும் இருக்கிறது. ஒரு நாள் போய்விட்டு வரலாமே என்று அங்கே போன பிறகு ஆசை வந்தால், உங்கள் தென்னாப்பிரிக்க விசா மறுபடி நுழைய அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாடகைக் காரை எல்லை தாண்டி எடுத்துப் போக கம்பெனியின் தனிக் கடிதம் வேண்டும்.

மலேரியாவை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டர்பனில் கிடையாது, ஆனால் நீங்கள் போகும் அந்த வடக்கு மூலையில் உண்டு, கோடை மழைக்காலமான டிசம்பர் அதற்குச் சீசன். அம்மாவின் மாத்திரைகளோடு எது ஒத்துப்போகும், பையனின் எடைக்கு எவ்வளவு என்பதையெல்லாம் ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளைப் போவதற்கு முன்பே தொடங்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் தொடர வேண்டும். கடைசி நாளில் ஓடாதீர்கள்.

டிசம்பரில் போவதற்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை தோணி ஆமையும் பெருந்தலை ஆமையும் அந்தக் கரையேறி முட்டையிடும். 1963-லிருந்து ஒவ்வொரு வருடமும் அவற்றை எண்ணிக் கணக்கு வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அந்தக் கடற்கரை 1999-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னமான ஈசிமங்காலிசோ பூங்காவுக்குள் வருகிறது. 2025-ல் எல்லைக்கு அப்பாலுள்ள மபூட்டோ தேசியப் பூங்காவையும் அதோடு சேர்த்தார்கள். அனுமதி பெற்ற வழிகாட்டியோடு இரவில் நடந்து போய்ப் பார்க்கலாம். டார்ச், போன் வெளிச்சம் எதுவும் கூடாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முன்பே சொல்லி வையுங்கள், அந்த வாரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.

சில்லறை விஷயங்கள். உருட்டும் பெட்டி மணலில் உருளாது, துணிப்பை கொண்டுபோங்கள். அங்கே பிளக் பாயிண்டு நம் வீட்டில் ஏசிக்குப் போடும் அந்தப் பெரிய மூன்று முள் மாதிரிதான் இருக்கும், ஒரு மாற்றி போதும். சைவம் என்பதை இரண்டு தடவை எழுதிச் சொல்லுங்கள், 'மீன் சாப்பிடுவீர்கள்தானே' என்று கேட்பார்கள். லேண்ட் குரூசரில் அம்மாவை ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள். பின்னால் திறந்த இருக்கைகள் உயரம், ஏறுவதற்கே சிரமம், அந்தப் பத்து கிலோமீட்டர் இடுப்பை உலுக்கி எடுத்துவிடும். முதுகுக்கு ஒரு தலையணை லாட்ஜிலிருந்தே கொண்டுவரச் சொன்னால் கொண்டுவருவார்கள்.

திரும்பும் நாளுக்கும் இதே கணக்குதான், தலைகீழாக. காலை வண்டி எத்தனை மணிக்குத் தார்ச்சாலையில் கொண்டுவிடும் என்று கேட்டு, அதிலிருந்து விமான நிலையத்துக்கு ஏழு மணி நேரம் வையுங்கள். உங்கள் விமானம் இரவு என்றால் அன்றே போய்ப் பிடிக்கலாம். பகல் விமானம் என்றால் கடைசி இரவை லாட்ஜில் வைக்காமல் பலிட்டோவில் வைத்துக்கொள்ளுங்கள். காரைப் பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது காவல்காரருக்கு இருபது ரேண்ட் கொடுத்து, கிளப்புவதற்கு முன் நான்கு டயரையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். நான்கு நாள் வெயிலில் நின்ற வண்டி.